எழுத்துக்கும் பொறிக்கும் இடைநின்றோர்

கொழும்பு மாநகரின் மென்பொருள் நிறுவனங்களிலே இன்று ஒரு புதிய பதவிப் பெயர் வழங்குகின்றது. பாவனையாளர் அனுபவப் பொறியியலாளர் என்பது அது. திரையின் தோற்றத்தை வரைபவர் ஒருவர். அத்திரையை இயங்கச் செய்யும் நிரலை எழுதுபவர் வேறொருவர். முன்னவர் கருதியது பின்னவர் கையில் உருக்குலையாவண்ணம், இருவர் பேச்சும் அறிந்து நடுவே நிற்பவரே இவர். வரைபடத்தை இயங்கும் மாதிரியாக்கி, பயன்படுத்தப் போகும் மக்களிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்று கண்டு திருத்துவது இவர் தொழில். டொனால்ட் நோர்மன் என்னும் அறிஞர் 1990களில் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தே இப்பெயர் பரவத் தொடங்கியது. தொழிலோ பழையது. அதன் அடிச்சுவட்டை இந்நகரிலேயே காணலாம்.

ஒல்லாந்தர் ஆட்சியில், ஆளுநர் வான் இம்ஹோப் காலத்தில், கொழும்பிலே அச்சகம் ஒன்று நிறுவப்பெற்றது. அதற்குச் சிங்கள அச்செழுத்துகளை வார்த்துக் கொடுத்த கபிரியேல் ஷாட என்பவர் நூலாசிரியரும் அல்லர், ஓவியரும் அல்லர். படைக்கலச் சாலையின் பொறுப்பாளர்! உலோகத்தின் இயல்பறிந்த ஒருவர் எழுத்தின் வளைவையும் கற்க வேண்டியதாயிற்று. 1737இல் அங்கே சிங்கள அச்சு தொடங்கிற்று. பின்னர்த் தமிழ் நூல்களும் அங்கே அச்சேறின. கொழும்பிற் பிறந்த தமிழறிஞர் பிலிப்பு தெ மெல்லோ செப்பனிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் வெளிவந்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த வுல்வெந்தால் மேட்டில் ஒல்லாந்தர் தேவாலயம் திறக்கப்பெற்று அப்போது இரண்டாண்டுகளே கழிந்திருந்தன.

அச்சுக்கோப்பவருக்கு எழுத்துப் பெட்டிகள் எத்தனையும் இருக்கலாம். தட்டச்சுப் பொறிக்கு அந்த வசதி இல்லை. ஆய்தம் உட்படத் தமிழெழுத்து 247. பொறியில் உள்ள விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. இச்சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற ஆர். முத்தையா. எழுத்துகளைக் குறைத்துவிடலாம் என்று அவர் எண்ணினாரல்லர். எழுத்துகளைக் கூறுகளாகப் பகுத்து, கொம்பு, கால் முதலியவற்றுக்குத் தனித்தனி விசை கொடுத்தார். எழுத்தின் மேலேறி நிற்க வேண்டிய குறிகளுக்கு நகரா விசைகளை அமைத்தார். அவ்விசையை அழுத்தினால் தாள் நகராது. ஆதலாற் குறியும் எழுத்தும் ஒரே இடத்தில் பொருந்திப் பதியும். அவர் அமைப்பின்படி ஜேர்மனியின் சைடல் நௌமான் நிறுவனம் பொறிகளைச் செய்து கொடுத்தது. கையிற் கொண்டு செல்லத்தக்க ‘பிஜோ’ அவற்றுள் ஒன்று. எழுத்தறிந்தோர் பலர் இருந்தனர், இரும்பறிந்தோரும் பலர் இருந்தனர். இரண்டையும் ஒருசேரச் சிந்தித்தவர் அவரே.

இலங்கையில் இத்தொழிலுக்குப் பின்னர் வேறொரு கனமும் ஏறிற்று. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும், கணினியில் தமிழ் எழுதுதற்கான நாட்டின் தரநிலை, எஸ். எல். எஸ். 1326, வெளியானது 2008இல். அதன் விசைப்பலகை, இந்நாட்டுத் தட்டச்சாளர் பழகிய இரங்கநாதன் அமைப்பைத் தழுவியது. சட்டத்திலிருந்து விசைக்கு வந்து சேர இருபத்தொரு ஆண்டுகள்! மொழியுரிமை ஏட்டிலே மட்டும் இருந்தாற் போதாது, எழுதுவினைஞரின் விரல் நுனிக்கும் வரவேண்டும் என்பதை ஆட்சியாளர் உணரக் காலம் பிடித்தது.

விசை வந்தபின்னும் வேலை முடியவில்லை. ‘கொழும்பு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு அதில் நான்கு எழுத்துகள். ஒருங்குறி முறையிற் கணினிக்கோ எட்டுக் குறியீடுகள்: ககரம், ஒகரக் குறி, ழகரம், உகரக் குறி, மகரம், புள்ளி, பகரம், மீண்டும் உகரக் குறி. படிவத்தின் ஒரு பெட்டிக்கு ஏழே குறியீடு என ஆங்கிலம் ஒன்றையே நினைத்து நிரல் எழுதியவர் வரம்பு கட்டினால், தலைநகரின் பெயர் ‘கொழும்ப’ என நின்றுவிடும். ஊரின் பெயருக்கு நேர்வது ஆளின் பெயருக்கும் நேரும். ஈறு சிதைந்த பெயரோடு ஒரு பத்திரம் கைக்கு வந்தால், அதைத் திருத்துவதற்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்பதைத் திணைக்கள வாசல்களிற் காத்துநின்றோர் அறிவர். ‘சமர்ப்பிக்கவும்’ என்னும் சொல் ஆங்கிலச் சொல்லுக்கென வரைந்த பொத்தானில் அடங்காமற் போவதும், மேலே ஏறும் விசிறி வரியிடுக்கில் வெட்டுண்பதும் இவ்வகையினவே. வரைபவர் கண்ணுக்கு இவை தோன்றா. நிரல் எழுதுபவர் சோதனையிலும் அகப்படா. இடைநிற்பவர் தமிழ் அறிந்தவராயின் அன்றே பிடிபடும்.

தட்டச்சிற் பழகிய முதியவர் ‘கொ’ எழுத முதலிற் கொம்பையும், பின் ககரத்தையும், கடைசியிற் காலையும் அழுத்துவார். கணினியோ ககரத்தையே முன்வைத்துச் சேமிக்கும். அதே வீட்டின் இளையவர் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழை வரவழைப்பார். வெள்ளவத்தைக் காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரே குடும்பத்தில் இவ்விருவரையும் காணலாம். முதியவர் விரல்கள் இனிப் பாடம் மாற்றிக்கொள்ளா. இளையவருக்குக் கொம்பின் விசை எங்கே என்பதும் தெரியாது. இருவர் தட்டுவதும் ஈற்றில் ஒரே ‘கொ’வாகச் சேமிக்கப்பட வேண்டும். அந்த ஒழுங்கைச் செய்து முடிக்கும்வரை இடைநிற்பவருக்கு ஓய்வில்லை.