மெல்ல அழுத்துவதும் ஓங்கி அடிப்பதும்

கீழே சமவெளியில் வெயில் கொளுத்தும்போது பூம்பாறையில் நாம் கம்பளி தேடுகிறோம். மலையேறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகம் கட்டாதவரை 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குறையும். அதே காற்று கீழே இறங்கினால் அழுந்தி, இழந்த சூட்டைத் திரும்பப் பெறும். நிதானமாக நடப்பதால் வரவும் செலவும் நேராகிவிடுகின்றன.

ஓங்கி அடித்து அழுத்தினால் அந்தக் கணக்கு நேராகாது. இதை நிறுவியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக் கடற்படைப் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த உகோனியோ. ஆங்கிலம் படித்தவர்கள் 'ஹியூகோனியட்' என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அவர் உகோனியோதான். 1887-இல், 35 வயதில் காலமானார். அவருடைய ஆய்வுரை 1887-லும் 1889-லும் இரு பகுதிகளாக அச்சேறியது. அதிர்ச்சி அலை கடந்துபோன வாயுவில், மெல்ல அழுத்தியிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட அதிகச் சூடு தங்கிவிடும். எவ்வளவு பலமாக அடித்தாலும், அவர் சமன்பாட்டின்படி, ஒரே அடியில் காற்றை ஆறு மடங்குக்கு மேல் அடர்த்தியாக்க முடியாது. ஹீலியம் போன்றவற்றை நான்கு மடங்குக்கு மேல் முடியாது. மெல்ல அழுத்தினால் அந்த வரம்பு இல்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அபர்டீன் ஆய்வுக்கூடத்துக்காக அதிர்ச்சி அலைகளைப் பற்றி ஆராய்ந்தார். அந்தக் கூடத்துக்கு ஆலோசனை சொன்ன இன்னொருவர் வான் நாய்மன். அவரும் ரிக்ட்மையரும் 1950-இல் ஒரு வழி சொன்னார்கள். வாயுவைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினியால், அலையின் திடீர்த் தாவலைச் சமாளிக்க முடியவில்லை. அதனால் வாயு அழுந்தும் இடத்தில் ஒரு கற்பனை உராய்வைச் சேர்த்தார்கள். தாவல் சில கட்டங்களில் பரவி அடங்கியது.

சிக்கல் அதிலேயே இருந்தது. அதிர்ச்சி இல்லாமல் மெல்ல அழுத்தும்போதும் அந்த உராய்வு வேலை செய்து, இல்லாத சூட்டைக் கணக்கில் ஏற்றிவிடும். 1972-இல் நக்கோல்ஸ் குழுவினர், லேசரால் ஹைட்ரஜனைத் திரவ நிலையைப்போல் 10,000 மடங்குக்கு மேல் அழுத்தலாம் என்று எழுதிய பிறகு இது பெரிய விஷயமானது. சூடான எரிபொருள் அழுந்த மறுக்கும். பொய்ச் சூடு ஏறினால், நடக்கக்கூடியதையும் கணினி நடக்காது என்று சொல்லிவிடும். 1974-இல் கிட்டர், அதிர்ச்சியில்லா அழுத்தத்துக்குக் காகிதத்திலேயே துல்லியமான விடை கண்டார். கணினியின் விடையை அதோடு ஒப்பிட்டு, கூடுதல் சூடு தெரிந்தால் பிழை நிரலில்தான் என்று பிடித்துவிடலாம். சீராகச் சுருங்கும் இடத்தில் ஒதுங்கி நிற்கும் உராய்வு முறைகளும் பின்னர் வந்தன.

2022 டிசம்பரில் கலிபோர்னியாவில் 2.05 மெகாஜூல் லேசர் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். அங்கும் எரிபொருளை அழுத்தியது ஒரே பலத்த அடி அல்ல. நேரம் பார்த்து அடுத்தடுத்து அனுப்பிய சில அலைகள்.