விளக்கை எடு, வடக்கே போ: படித்து விளையாடும் கதை விளையாட்டு

புக்கிட் மெர்தாஜாம்: அம்புலிமாமா படித்த தலைமுறைக்கு வேதாளத்தை நன்றாகத் தெரியும். விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் சுமந்து நடப்பான். அதனுள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். பேசினாலோ வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும். அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பாமல், 'நானாக இருந்தால் என்ன சொல்வேன்' என்று யோசித்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

இணையத்தில் 'இன்டரக்டிவ் ஃபிக்‌ஷன்' என்று சொல்லப்படும் கதை விளையாட்டு ஏறக்குறைய அதுதான். திரையில் பெரும்பாலும் எழுத்து மட்டுமே இருக்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரே என்ன இருக்கிறது என்று அது சொல்லும். அடுத்து என்ன செய்வது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கட்டளையை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். மற்றதில் திரையில் இருக்கும் இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தொட்டால் போதும்.

இதைத் தொடங்கி வைத்தவர் வில் க்ரவுதர் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. மணமுறிவுக்குப் பிறகு, தம் இரண்டு பெண் பிள்ளைகளும் விளையாடட்டும் என்று, கென்டக்கி மாநிலத்தின் மேமத் குகையை மனத்தில் வைத்து 1970களின் நடுவில் ஒரு விளையாட்டை எழுதினார். 1977இல் டான் வூட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். 'அட்வென்ச்சர்' என்ற அந்த விளையாட்டுக்கு மொத்தம் 350 புள்ளிகள்.

அதில் வரும் ஒரு புதிரைச் சொன்னால் இதன் சுவை விளங்கும். (தாங்களே விளையாட நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) குகைக்குள் ஒரு சிறு பறவை இருக்கிறது. கையில் கூண்டு இருந்தும் அது பிடிபடாமல் பயந்து விலகுகிறது. காரணம், வழியில் கிடந்ததே என்று நீங்கள் எடுத்து வைத்திருக்கும் கறுப்புக் கோல். அதைக் கீழே வைத்தால் பறவை கூண்டுக்குள் வந்துவிடும். பிறகு ஒரு பெரிய பாம்பு வழியை மறிக்கும். அதை விரட்ட ஆயுதம் தேடி அலைய வேண்டியதில்லை. பறவையைத் திறந்துவிட்டால் போதும். இதைக் கண்டுபிடிக்கச் சிலருக்கு ஒரு மணி நேரம் ஆகும், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். சோறு சாப்பிடும்போதோ பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதோ திடீரென்று விடை தோன்றும். அந்த மகிழ்ச்சிக்காகத்தான் ஆட்கள் இதை விளையாடுகிறார்கள்.

சிரமமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வழி தவறும், எல்லா அறையும் ஒரே மாதிரி தெரியும். பழைய ஆட்டக்காரர்கள் கையில் உள்ள பொருளை அறைக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைப்பார்கள், தாளில் வரைபடம் போடுவார்கள். படித்ததை மறந்தால் மாட்டிக்கொள்வோம். ஒரு வரியைச் சரியாகப் படிக்காமல் விட்டதற்காக அரை மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும். வேகமாகக் கட்டைவிரலை நகர்த்திப் பழகிய பிள்ளைக்கு முதல் நாள் எரிச்சல்தான் வரும்.

தமிழில் இது ஏன் அதிகம் வரவில்லை என்று கேட்கலாம். தட்டச்சு வகைக்கு நம் இலக்கணமே ஒரு சோதனை. ஆங்கிலத்தில் 'டேக் லேம்ப்' என்றால் முடிந்தது. விளக்கைக் குறிக்கும் சொல் மாறுவதில்லை. தமிழிலோ விளக்கை எடு, விளக்கால் பார், விளக்கில் எண்ணெய் ஊற்று என்று சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். 'மரத்தை' என்றால் 'மரம்' என்று கணினிக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். 'அந்த வெளக்க எடுத்துக்கோ' என்று பேச்சுத் தமிழில் ஒருவர் தட்டினால் அதுவும் புரிய வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள் என்பது இன்னொரு சிக்கல்.

தொட்டு விளையாடும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. 2009இல் கிறிஸ் கிளைமஸ் வெளியிட்ட 'ட்வைன்' என்ற இலவசக் கருவியில் தமிழ் எழுத்திலேயே கதை எழுதலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கும் கதை விளையாட்டுப் போட்டிக்கு வரும் ஆக்கங்களையும் இணையத்தில் காசில்லாமல் விளையாடலாம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

தமிழ்க் குடும்பத்தின் கதையையே விளையாட்டாக்கலாம் என்று காட்டியது, கனடாவின் தொரொந்தோவில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா'. இதில் படங்கள் உண்டு, ஆனால் கதையும் புதிரும்தான் உயிர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு தாய், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பில் விட்டுப்போன வரிகளை யோசித்து இட்லி அவிக்கிறாள். மகன் கவின் வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டு விருதை இதற்குக் கொடுத்தது.

கவினின் கதை கனடாவுக்கு மட்டும் உரியதன்று. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. அதன் பிறகு இடைநிலைப்பள்ளியில், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வழியுண்டு. கேட்காமல் விட்டாலோ, ஆசிரியர் அமையாவிட்டாலோ, பிள்ளை தமிழில் ஒரு பக்கம் படிப்பதே நின்றுபோகும். பாடநூலைத் தவிர வேறெதற்கும் தமிழ் படித்ததில்லை என்றால், தேர்வு முடிந்ததும் படிக்க ஏது காரணம்? கதை விளையாட்டு ஒரு காரணத்தைத் தருகிறது: படிக்காவிட்டால் கதவு திறக்காது.

புக்கிட் மெர்தாஜாமில் கதைக்களத்துக்குப் பஞ்சமில்லை. ரயில் நிலையத்தில் தொடங்கலாம். பட்டர்வொர்த்துக்குப் பிரியும் பாதை ஒரு பக்கம், கெடா நோக்கிப் போகும் பாதை மறுபக்கம். எதில் ஏறுவது என்பதே முதல் கேள்வி. அடுத்து, மலையடிவாரத்தில் புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில் இருக்கும் செரோக் தோக்குன் பாறை. பல்லவர் எழுத்தை ஒத்த பழங்கால எழுத்துகள் பொறித்த அந்தப் பாறையைப் பற்றி ஜேம்ஸ் லோ எழுதினார். ஜூலை மாதத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? ஒரு புதிருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கணினி இல்லாத வீட்டிலும் இதை விளையாடலாம். பாட்டியோ மாமாவோ கணினியாக இருக்கட்டும். 'நீ தோட்டத்துச் சாலையில் நிற்கிறாய். இருட்டிவிட்டது. இடப்பக்கம் பழைய புகைக்கூண்டு, வலப்பக்கம் கோயில் மணிச் சத்தம்' என்று தொடங்கினால் போதும். பிள்ளை தமிழில் கட்டளை சொல்ல வேண்டும். சொல் தெரியாவிட்டால் கேட்கலாம், ஆனால் அதற்கு ஒரு புள்ளி குறையும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது ஒத்துவரும். இரண்டு மூன்று ஆட்டத்துக்குப் பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: பிள்ளை கதை சொல்லட்டும், பாட்டி வழி தேடட்டும்.