காதல் (திரைப்படம்)
பாலாஜி சக்திவேல் இயக்கி, 2004 டிசம்பரில் வெளிவந்த தமிழ்ப் படம். தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர். மதுரை டூவீலர் மெக்கானிக் முருகனும் (பரத்), பணமும் சாதிச் செல்வாக்கும் மிக்க வீட்டுப் பள்ளி மாணவி ஐஸ்வர்யாவும் (சந்தியா) காதலித்துச் சென்னைக்கு ஓடிவருகின்றனர். மேன்ஷனில் தங்கியிருக்கும் நண்பன் ஸ்டீபன் கல்யாணம் செய்துவைக்கிறான். பெண்வீட்டார் நயமாகப் பேசி ஊருக்கு அழைத்துப் போய், தாலியைக் கழற்றவைத்து, முருகனை அடித்து நொறுக்குகின்றனர். பின்னாளில் வேறொருவனை மணந்து, கணவன், குழந்தையுடன் வரும் ஐஸ்வர்யா, மனம் பேதலித்துச் சாலையில் திரியும் அவனைக் கண்டு கதறுகிறாள். தமிழ்க் காதல் படங்களில் இவ்வளவு வலிக்கும் முடிவு அரிது. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) காதலர்கள் பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்து மதத்தடையைத் தாண்டினர். ‘காதல்’ படத்திலோ சாதியால் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. பிற்பாடு ஒடுக்கப்பட்டவனின் பார்வையிலேயே இதே சாதித் தடையை நேருக்கு நேர் பேசியது மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018).