கையில் தொடங்கித் தண்டுவடத்தை எட்டிய கதிர்ப்படக்கலை

உடலைக் கீறாமல் அதன் உள்ளமைப்பைக் காட்டும் மருத்துவப் படக்கலையின் வரலாற்றில் கைக்கும் முதுகெலும்புக்கும் எதிரெதிரான இடங்கள் அமைந்துள்ளன. புதிய முறைகள் பலவும் தம் திறனை முதலில் மெய்ப்பித்தது கையில். தம் எல்லையை உணர்ந்தது முதுகெலும்பில். மணிக்கட்டும் விரல்களும் தசை குறைந்து மெலிந்தவை. தகட்டின் மீது வைத்தால் நெடுநேரம் அசையாமல் இருக்கக் கூடியவை. முதுகெலும்போ மார்புக்கும் வயிற்றுக்கும் பின்னால் ஆழத்தில் இருப்பது. அதனுள் ஓடும் தண்டுவடமும், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தையாக அமைந்த வட்டுகளும் எலும்பைப் போல் கதிரைத் தடுப்பவை அல்ல.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன், கறுப்புத் தாளால் மூடிய மின்குழாய் ஒன்றிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் வெளிப்பட்டு அருகிலிருந்த திரையை ஒளிரச் செய்வதைக் கண்டார். டிசம்பர் 22 அன்று அவர் தம் மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தபோது விரலெலும்புகளும் மோதிரமும் தெளிவாகப் பதிந்தன. 1896 ஜனவரி 23 அன்று நடந்த பொதுச் சொற்பொழிவிலும், அவையிலிருந்த முதுபெரும் உடற்கூற்றியல் அறிஞர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கரின் கையையே அவர் படமெடுத்துக் காட்டினார்.

மருத்துவர்கள் இக்கண்டுபிடிப்பைக் கையிலெடுக்கச் சில வாரங்களே பிடித்தன. 1896 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், பனிச்சறுக்கில் விழுந்த சிறுவன் ஒருவனின் முறிந்த மணிக்கட்டு ஏறக்குறைய இருபது நிமிடக் கதிர்ப்பாய்ச்சலில் படமாக்கப்பட்டது. அதே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் ஹால் எட்வர்ட்ஸ் என்னும் மருத்துவர், ஒரு பெண்ணின் கையில் புதைந்திருந்த ஊசியைப் படமெடுத்துத் தர, அப்படத்தின் துணையுடன் அறுவை மருத்துவர் அதை அகற்றினார். மனித முதுகெலும்பின் முதல் கதிர்ப்படத்தை எடுத்தவர் என்ற பெருமையும் ஹால் எட்வர்ட்ஸுக்கே அளிக்கப்படுகிறது.

இந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவையும் கைகளே. அன்றைய குழாய்களில் எஞ்சியிருந்த வாயுவின் அளவு பயன்படுத்தப் பயன்படுத்த மாறிக்கொண்டிருந்ததால், கதிரின் ஊடுருவும் திறனும் நாளுக்கு நாள் வேறுபட்டது. அதைச் சோதிப்பதற்குக் கதிர்ப்படக்காரர் குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் நடுவே தம் கையையே நீட்டி, எலும்பின் நிழல் எவ்வளவு கருமையாகத் தெரிகிறது என்று பார்த்து, அதன் பிறகே நோயாளியைப் படமெடுத்தார். ஒரு நாளில் பலமுறை செய்யப்பட்ட இச்சோதனையால் தோல் சிவந்து, வெடித்து, ஆறாத புண்ணாகிப் பின்னர் புற்றுநோயாக மாறியது. தாமஸ் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904-இல் மாண்டார். ஹால் எட்வர்ட்ஸின் இடக்கை 1908-இல் வெட்டி நீக்கப்பட்டது. வலக்கை விரல்களும் தப்பவில்லை. கதிர்வீச்சுக்குப் பலியான மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் 1936-இல் ஹாம்பர்க் நகரில் எழுப்பப்பட்ட நினைவுத்தூணில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

1913-ஆம் ஆண்டு இரு திருப்பங்களைக் கொண்டுவந்தது. அமெரிக்கரான வில்லியம் கூலிட்ஜ், சூடேற்றிய டங்ஸ்டன் இழையிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெறும் குழாயை உருவாக்கியதால், கதிரின் அளவையும் திறனையும் மின்சாரத்தைக் கொண்டே நிறுவ முடிந்தது. கையை நீட்டிச் சோதிக்கும் தேவையும் ஒழிந்தது. ஜெர்மனியில் குஸ்டாவ் பக்கி, தடித்த உடற்பகுதிகளில் கதிர்கள் சிதறிப் படத்தை மங்கச் செய்வதைத் தடுக்க, ஈயப் பட்டைகளாலான கட்டம் ஒன்றை நோயாளிக்கும் தகட்டுக்கும் இடையே அமைத்தார். நேர்வழியில் வரும் கதிரை மட்டும் விட்டுச் சாய்வாக வருவதை உறிஞ்சிக்கொண்ட அக்கட்டத்தைப் படமெடுக்கும்போதே நகரச் செய்து, பட்டைகளின் கோடுகள் பதியாமல் தடுத்தவர் சிகாகோவின் ஹாலிஸ் பாட்டர். இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் தெளிவாகத் தெரியத் தொடங்கியது இவ்விருவரின் உழைப்பால்தான்.

எலும்பு தெரிந்தும் தண்டுவடம் மறைந்தே இருந்தது. பால்டிமோரில் வால்டர் டாண்டி 1919-இல் தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தில் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் வழியைக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் பாரிஸில் சிகாரும் ஃபோரஸ்டியேவும், அயோடின் சேர்த்த கசகசா எண்ணெயான லிபியோடாலை அத்திரவத்தில் செலுத்தினர். திரவத்தைவிடக் கனமான அந்த எண்ணெய், நோயாளி படுத்திருக்கும் மேசையைச் சாய்க்கும் பக்கமெல்லாம் ஓடியது. கட்டி இருந்த இடத்தில் ஓடாமல் நின்றது. நின்ற இடமே அறுவை மருத்துவருக்கு வழிகாட்டியது. ஆயினும் உடல் எளிதில் வெளியேற்றாத அவ்வெண்ணெய், தண்டுவட உறையில் அழற்சியை உண்டாக்கிச் சிலருக்குத் தீராத வலியைத் தந்தது. 1934-இல் பாஸ்டனின் மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய வட்டு நரம்பு வேரை அழுத்துவதால் காலுக்குப் பரவும் வலி உண்டாகிறது என்று நிறுவிய பின்னர், குறைபாடுகள் இருந்தும் இம்முறைக்குத் தேவை பெருகியது.

ஊசியின்றித் தண்டுவடத்தைக் காணும் காலம் 1970-களில் பிறந்தது. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் 1971-இல் லண்டனில் மூளையைப் படமெடுத்தது; 1974-இல் ராபர்ட் லெட்லி முழு உடலுக்குமான கருவியை இயக்க, முதுகெலும்பைக் குறுக்குவெட்டாகக் காண முடிந்தது. அயனியாக்கும் கதிர்வீச்சே இல்லாமல் காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு இயங்கும் எம்.ஆர்.ஐ. முறையும் கையிலேயே தொடங்கியது: 1977-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டின் குழு உயிருள்ள மனித விரலின் குறுக்குவெட்டையும், அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு குழு மணிக்கட்டின் குறுக்குவெட்டையும் வெளியிட்டன. பின்னர் வந்த பெரிய கருவிகள் வட்டு, நரம்பு வேர், தண்டுவடம் ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் பிரித்துக் காட்டின.

ஆனால் தெளிவாகத் தெரிவதெல்லாம் நோயாகிவிடாது. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுள் 52 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு வட்டாவது புடைத்திருந்தது. எனவே படத்தில் காணும் மாற்றத்தை நோயாளியின் வலியோடும் உடற்பரிசோதனையோடும் பொருத்திப் பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்வது தவறு. தேவையின்றிப் படம் எடுக்கலாகாது என்பதைத் தொடக்ககாலத்தவர் தம் கைகளை இழந்து கற்பித்தனர். எடுத்த படத்தை அளவறிந்து நம்ப வேண்டும் என்பதை முதுகெலும்பு கற்பித்தது. இவ்விரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பதே இன்றைய மருத்துவத்தின் கடமை.