முத்துச் சலாபத்தில் வேலையும் அதிகாரமும் பங்கும்

அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் ஒரு பழங் கட்டிடத்தை நம்மவர் அல்லிராணி கோட்டை என்பர். உண்மையில் அது அல்லியரசாணி கட்டியதன்று. ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் என்பவர் 1801 முதல் 1804 வரையிலான ஆண்டுகளிற் கட்டுவித்த மாளிகை அது. கொழும்பிலே சகல வசதிகளோடும் இருந்த தேசாதிபதி, நிழலுக்கு ஒரு மரமும் அரிதான அந்த வெளியில் மாளிகை எழுப்பியது ஏன்? எதிரேயுள்ள கடலில் முத்துப் பார்கள் கிடந்தமையால். சிப்பி எடுக்கும் வேலையை அருகிருந்து பார்க்க அரசினர் விரும்பினர்.

வெள்ளாங்குளத்தார் நாம் வயலும் குளமும் அறிந்தவர்கள். இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு கடந்து தெற்கே மன்னாருக்கும் அப்பால் நடந்த சலாபம் நமக்குச் சற்றுத் தூரத்துச் செய்திதான். ஆயினும் பல்லாயிரம் பேரை ஒரே வேலையில் நிறுத்தி, யார் யாருக்குக் கட்டளையிடுவது, விளைந்ததை யார் எவ்வளவு கொண்டுபோவது என்று வகுத்த ஏற்பாடு நமது மாவட்டத்தில் இதுபோல் வேறொன்று இருந்ததில்லை. சங்கத் திருவிழாவுக்குப் பந்தற்கால் நடுவதற்கே பத்துப் பேரை ஒன்றுசேர்க்க நாம் படும் பாட்டை நினைப்பவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

முதலில் தோணியைப் பார்ப்போம். தோணிக்குத் தலைவன் தண்டல். ஒரு தோணிக்கு ஐந்து கல். கல் ஒன்றுக்கு முங்குகிறவர் இருவர். கல் என்றது, கயிற்றிற் கட்டி, காலை அதில் ஊன்றி ஆழத்துக்கு இறங்க உதவும் பாரக் கல்லை. ஒருவர் இறங்கிச் சிப்பி பொறுக்கி ஏறியபின் மற்றவர் இறங்குவார். ஒரு முறை நீருக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிஷம். மேலே கயிறு பிடிப்பவர்கள் கல்லையும் கூடையையும் ஆளையும் இழுத்தெடுப்பர். கீழே இருப்பவனின் உயிர் மேலே நிற்பவனுடைய கையில். ஆகவே தண்டலின் அதிகாரம் எவ்வளவு பெரிதாயினும், அந்த ஒரு நிமிஷத்தில் கயிறு பிடிப்பவனே எசமான். நள்ளிரவையண்டி வெடிச் சத்தம் கேட்டதும் தரைக்காற்றில் தோணிகள் புறப்படும். நண்பகலில் மற்றொரு வெடி, முங்குவது நிற்கும், கடற்காற்றிற் கரை திரும்பும். முந்நூறு தோணிகளுக்கு இரண்டு வெடிகளே கட்டளை.

பார்களின் எல்லையை அறிந்து வழிகாட்டியவர்கள் அடப்பனார் எனப்பட்டோர். அரசினரின் பரிசோதகர் முன்கூட்டியே சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, சலாபம் நடத்தலாமா என்று தீர்ப்பார். சிப்பி முற்ற நான்கைந்து ஆண்டு வேண்டும். முந்தினால் முத்துச் சிறுக்கும், பிந்தினால் சிப்பி செத்துப்போகும்.

இன்னொரு உத்தியோகத்தர் இருந்தார், அவர்தான் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் என்பது நம்பிக்கை. அவர் இல்லாமல் முங்குகிறவர் கடலில் இறங்கமாட்டார். ஆதலால் ஆங்கில அரசினரும் அவரை ஏற்றுக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அப்பதவியை வகித்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று எமேர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். அதனால் முங்குகிறவரின் நம்பிக்கை சிறிதும் குறையவில்லையாம். பரம்பரைத் தொழில், மதம் மாறியும் மாறவில்லை போலும்.

இனிப் பங்கு. என் மனத்தைக் கவர்ந்த பகுதி இதுவே. ஆங்கிலேயர் 1795-இல் மன்னாரைப் பிடித்த பின் சலாபத்தைக் குத்தகைக்கு விட்டனர். 1796, 1797, 1798 என மூன்றாண்டு தொடர்ந்து வாரியெடுத்ததிற் பார்கள் வெறுமையாயின. அக்காலத்தில், முத்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட கூலியாளைப் பூட்டி வைத்து, வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்தனர் என்று பேர்சிவல் என்னும் படையதிகாரி எழுதியிருக்கிறார். காவல் கூடக் கூடக் களவும் கூடியது என்றே தோன்றுகிறது.

பின்னாளில் வேறொரு முறை நிலைத்தது. தோணி கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் கொட்டு எனப்படும் வேலியடைத்த பந்தருக்குள் சுமந்து செல்வர். அங்கே முங்கினவர்களே தமது சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் உத்தியோகத்தர் வந்து, தாம் விரும்பிய இரண்டு குவியலை அரசினருக்கென்று காட்டுவார். எஞ்சியது அவர்களுக்கு. எது எஞ்சும் என்று பிரிக்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே ஒன்றைப் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்கினால் நட்டம் அவனுக்கே வரலாம். எண்ணிப் பார்க்க ஆயிரம் கணக்குப்பிள்ளை வேண்டியதில்லை. அவனவன் கையே தராசாயிற்று. வீட்டில் ஒரு பிள்ளை பலகாரத்தைப் பிரிக்க மற்றப் பிள்ளை முதலில் எடுப்பதும் இதே நீதிதான். அரசினரின் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலத்திற் போகும். தமது மூன்றிலொன்றைத் தோணிக்காரர், முங்கினவர், கயிறு பிடித்தவர் ஆகியோர் தமக்குள் பங்கிட்டனர்.

மூன்றில் இரண்டு அரசினருக்கு என்பது நியாயமா என்று கேட்கலாம். உயிரைக் கொடுத்து இறங்கியவனுக்கு இது குறைவே என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு முன் நாலில் ஒன்றுதான் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1905-ஆம் ஆண்டுச் சலாபம் பெயர்பெற்றது. மறிச்சுக்கட்டியில் காட்டருகே ஓலைப் பட்டினம் ஒன்று எழுந்தது. 318 தோணிகள், ஏறக்குறைய 5,000 முங்குகிறவர்கள், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். அரசினருக்கு வரவு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா. தமிழரும் முஸ்லிம்களும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் அருகருகே முங்கினர். மறு ஆண்டு கொட்டில் நின்று குவியல் காட்டிய இளம் உத்தியோகத்தருள் ஒருவர் லியோனார்ட் வுல்ஃப். பிற்காலத்தில் நூலாசிரியராகப் புகழ் பெற்றவர். அத்தனை ஆயிரம் மக்களை விரல்விட்டு எண்ணத்தக்க சில உத்தியோகத்தர் நடத்தியதை அவர் தமது வாழ்க்கைச் சரிதத்திற் பதிந்திருக்கிறார்.

அவ்வளவு வரவு வந்த கையோடு அரசினர் சலாபத்தை ஒரு கொம்பனிக்குக் கொடுத்தனர். 1906 முதல் இருபது ஆண்டுக் குத்தகை. ஆண்டுக்கு 310,000 ரூபா. சிப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும். 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. 1912-இற் கொம்பனி கலைந்தது. பழைய முறையில் விளைவு குறைந்தால் எல்லோர் பங்கும் குறைந்தது, யாரும் முறிந்துபோகவில்லை. நமது வட்டவிதானையின் ஊதியமும் அப்படித்தான் இருந்தது. களத்து நெல்லிலே அவருக்குப் பங்கு. குளம் வற்றினால் கமக்காரனோடு அவரும் பட்டினி. ஆகவே வாய்க்காலைச் சுற்றிப் பார்க்க அவரை யாரும் ஏவ வேண்டியிருக்கவில்லை. 1958-ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அவர் வேலையைப் பயிர்ச்செய்கைக் குழுவிடம் ஒப்படைத்தது. அந்த மாற்றத்தால் சிறு கமக்காரனுக்கு வாய் திறக்க ஓரிடம் கிடைத்தது. வாய்க்கால் முன்போலத் துப்புரவாயிருந்ததா என்பதைப் பெரியவர்களே சொல்லட்டும்.

1925-இல் மீண்டும் ஒரு பெரிய சலாபம் நடந்தது. அத்தகைய பெருஞ் சலாபம் அதன்பின் கூடவில்லை. மறிச்சுக்கட்டியின் ஓலைப் பட்டினத்துக்கு இன்று அடையாளமில்லை. நோர்த்தின் மாளிகைச் சுவர்கள் மட்டும் ஒவ்வொரு மாரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கின்றன.