நீரில் வேர்விடும் கிளை

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் மக்களுக்குத் தோட்டம் என்று சொல்லத்தக்க இடம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. தில்லியிலாயினும் மும்பையிலாயினும் ஒடுங்கிய பால்கனியும் சமையலறைச் சன்னலுமே தோட்டமாக அமைகின்றன. அந்தச் சன்னலோரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதில் பாதியளவு தண்ணீர். தண்ணீரில் சந்தைப் புதினாக் கட்டிலிருந்து எடுத்துவைத்த இரண்டு தண்டுகள். ஒரு வாரமோ பத்து நாட்களோ சென்றபின் கணுக்களிலிருந்து வெண்ணிற நூல்போல் வேர் இறங்குகிறது. எடுத்து வைத்தவர் அதைத் தொட்டியில் நட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்கிறார். மண்ணைத் தொடாத, வேரே இல்லாதிருந்த தண்டுக்கு வேர் எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு முழுமையான விடை காண அறிஞர்களுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

கிளையிலிருந்து செடியை உண்டாக்கும் கலை மிகப் பழையது. முருங்கைப் போத்தை நடுவதும், கரும்புக் கரணையைப் புதைப்பதும், மல்லிகைக்குப் பதியன் போடுவதும் நம் உழவர்கள் வழிவழியாக அறிந்தவையே. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருகத் சம்ஹிதையில் மர வளர்ப்புக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளார். பலா, நாவல், மாதுளை, திராட்சை முதலியவற்றைத் தண்டிலிருந்தே வளர்க்கலாம் என்றும், நடும் தண்டுக்குச் சாணம் பூசவேண்டும் என்றும் அவர் கூறுகிறார். செய்யும் முறையை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்; அதன் காரணத்தை ஆராயும் முயற்சி பிற்காலத்தில் எழுந்தது.

ஃபிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவர் வான் ஹெல்மான்ட், உலர்த்திய மண் 200 ராத்தலை ஒரு தொட்டியிலிட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 ராத்தலாகப் பெருத்தது. மண்ணின் எடையிலோ ஏறத்தாழ 2 அவுன்சுதான் குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனதே என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்த பின்னர், 1648-இல் இச்செய்தி அச்சேறியது. காற்றிலிருந்தும் செடி உணவு பெறுகிறது என்பதை அக்காலத்தார் அறியார்.

அம்முடிவைச் சோதிக்கப் புகுந்தவர் லண்டன் மருத்துவர் ஜான் உட்வர்டு. அவர் தேர்ந்தெடுத்ததும் புதினாத் தண்டையே. மழைநீர், ஊற்றுநீர், தேம்ஸ் ஆற்றுநீர் ஆகியவற்றைத் தனித்தனிப் புட்டிகளில் நிரப்பி, எடையிட்ட தண்டுகளை அவற்றில் வளர்த்தார். மழைநீரில் நின்ற தண்டு பதினேழரை கிரெயின் எடை கூடியது. ஆற்றுநீரில் நின்றதோ 26 கிரெயின் கூடியது. நீரில் தோட்டத்து மண்ணைக் கலந்தபோது வளர்ச்சி மேலும் ஓங்கிற்று. செடி உறிஞ்சும் நீரில் மிகப்பெரும் பகுதி இலைகளின் வழியே ஆவியாகிவிடுகிறது என்பதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். நீர் ஒரு வாகனமே, அதில் கரைந்து வரும் மண்சத்தே செடிக்கு உணவு என்பது 1699-இல் அவர் வெளியிட்ட முடிவு. பின்னர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர்களான சாக்ஸும் கினாப்பும் அச்சத்துக்கள் எவை என ஆராய்ந்து, உப்புக்கள் சிலவற்றைக் கரைத்த நீரிலேயே முழுச்செடியை வளர்த்துக் காட்டினர்.

செடியின் உணவு இவ்வாறு புலப்பட்டது. வேரின் தோற்றம் புலப்படவில்லை. வெறும் நீரில் நிற்கும் தண்டுங்கூட வேர்விடுகிறதே! இலைகளில் உண்டாகும் ஏதோ ஒரு பொருள் கீழ்நோக்கி இறங்கிச் சென்று, வெட்டுவாயின் அருகே சேர்ந்து வேரைத் தூண்டுகிறது என்று சாக்ஸ் 1880-ஐ ஒட்டிக் கருதினார். அக்கருத்து மெய்ப்பட அரை நூற்றாண்டு சென்றது. 1928-இல் ஹாலந்து நாட்டு இளைஞர் வென்ட், ஓட்ஸ் நாற்றின் முனையிலிருந்து வளர்ச்சியைத் தூண்டும் பொருளைப் பிரித்தெடுத்தார். ஆக்ஸின் என்று அது பெயர் பெற்றது. வேர் பிடிக்கச் செய்வதும் அவ்வினத்துப் பொருளே என்பது 1930-களின் நடுவில் உறுதியாயிற்று. 1935-இல் கண்டறியப்பட்ட இண்டோல் பியூட்ரிக் அமிலமே இன்றும் நாற்றுப்பண்ணைகளில் வேரூக்கித் தூளாகப் பயன்படுகிறது.

ஆகவே, நீர் வேரைக் கொடுப்பதில்லை; வேர்விடும் ஆற்றல் தண்டிலேயே அடங்கியுள்ளது. அது வேர்விடும்வரை வாடாமல் காப்பதே நீரின் பணி. எல்லாச் செடிகளுக்கும் இவ்வாற்றல் ஒரே அளவில் இல்லை. புதினா எளிதில் வேர்விடும். முதிர்ந்த மாங்கிளை இலகுவில் வேர்விடாது. ஆதலாலேயே மாவை ஒட்டுக் கட்டுகிறோம்.

நீரில் வைத்த தண்டு அழுகிவிடுகிறதே என்று சிலர் குறைகூறுவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் காற்றின் குறைவு. வேரும் சுவாசிக்கிறது, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவே அதற்கு ஆதாரம். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும்; 30 பாகையில் அது ஏழரையாகக் குறையும். கோடையில் தண்டு விரைவில் அழுகுவதன் காரணம் இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை அறிந்தோர் வீட்டிலேயே எளிய சாதனம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். ஒளி புகாத வாளி ஒன்றின் மூடியில் துளைகளிட்டு, ஒவ்வொன்றிலும் பஞ்சு வளையத்தால் ஒரு தண்டைப் பொருத்தவேண்டும். கீழ்க் கணுக்கள் நீரில் அமிழ்ந்திருக்க, இலைகள் மூடிக்கு மேலே இருத்தல் வேண்டும். மீன்தொட்டிக்குப் பயன்படும் காற்றுக்குழாயால் நீரில் ஓயாது குமிழிகளை எழுப்பவேண்டும். ஒளி புகாமையால் பாசி பிடிக்காது. குமிழியால் வேருக்குக் காற்று கிடைக்கும். காற்றுக்குழாய் இல்லாதவர் இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை நீரை மாற்றினால் போதும். வேர் ஓரங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றி, சில நாட்கள் நிழலில் ஈரம் குறையாமல் வைக்கவேண்டும்.

இவ்வாறு பெற்ற செடி தாய்ச்செடியின் மகவன்று, தாய்ச்செடியே. இத்தகைய செடிக்கூட்டத்துக்கு 1903-இல் அமெரிக்க அறிஞர் வெப்பர், சிறு கிளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘குளோன்’ என்னும் பெயரை அமைத்தார். தாயின் சிறப்பு முழுவதும் அதில் இருக்கும். தாயின் குறையும் முழுவதும் இருக்கும். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வாழும் நம்மவர் இதனை அங்குள்ள கரும்பு வயல்களின் வரலாற்றிலேயே காணலாம்.

1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கு பார்பரும் வெங்கடராமனும் நல்ல கரும்பைக் காட்டுக் கரும்புடன் இணைத்துப் புதிய வகைகளை உண்டாக்கினர். 1918-இல் வெளிவந்த கோ 205 பஞ்சாபுக்குச் சென்றது. அதன்பின் வந்த கோ 213 பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பரவியது. ஒவ்வொரு வகையும் ஒற்றை விதையில் முளைத்த ஒற்றைப் பயிர்; கரணை கரணையாக வெட்டி நட்டுப் பெருக்கப்பட்டது. விளைச்சல் பெருகியது, ஆலைகள் செழித்தன. ஆனால் 1938-ஐ ஒட்டிச் செவ்வழுகல் நோய் பரவியபோது, கோ 213 நின்ற வயல்கள் பெருஞ்சேதமுற்றன. ஒரு கரும்பை வீழ்த்தவல்ல நோய் அதன் படிகள் அனைத்தையும் வீழ்த்த வல்லது. புதிய விதைகளிலிருந்து வேறு வகைகளை உண்டாக்கித்தான் அவ்வட்டாரத்துச் சாகுபடி மீண்டது. அதற்கும் கோயம்புத்தூரே துணைநின்றது.

சன்னலோரத்துப் புட்டிக்கும் இப்பாடம் பொருந்தும். நோயற்ற தாய்ச்செடியிலிருந்தே தண்டை எடுங்கள். ஒரே செடியிலிருந்து பத்துத் தண்டுகள் எடுப்பதைவிட, வெவ்வேறு வீட்டுச் செடிகளிலிருந்து எடுப்பது மேலானது. ஊருக்குச் சென்று திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைத் தண்டுகளோடு, முருங்கை நெற்று ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளை பழைய மரத்தை மாறாமல் காக்கும். புதிய மரம் விதையிலிருந்துதான் வரும்.