தகப்பன் எனப்படுபவர்

கணவன் வழியாகவோ மனைவி வழியாகவோ ஐக்கிய அமெரிக்காவில் நிரந்தர வதிவுரிமை கோருபவர், குடிவரவு உத்தியோகத்தர் முன்னிலையில் நேர்முக விசாரணைக்குப் போகும்போது விவாகப் பதிவுப் பத்திரத்தை மாத்திரம் கொண்டுபோவதில்லை. கூட்டு வங்கிக் கணக்கு, வாடகைச் சீட்டு, கலியாணப் படங்கள் என்பவற்றுடன் மனனஞ் செய்த விடைகளையும் சுமந்து செல்கிறார். உத்தியோகத்தருக்கு ஐயம் தோன்றினால் கணவனும் மனைவியும் வெவ்வேறாக இருத்தப்படுவர். கட்டிலின் எந்தப் பக்கத்தில் யார் படுப்பது, நேற்றிரவு என்ன சமைத்தீர்கள், பல் துலக்கும் தூரிகையின் நிறம் என்ன என்பன போன்ற கேள்விகள் இருவரிடமும் தனித்தனியே கேட்கப்பட்டு விடைகள் ஒப்பிடப்படும். வெளிநாடு சென்ற உறவினர் வாயிலாக இவ்வகை விசாரணைகளைப் பற்றி நம்மிற் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம், சிரித்துமிருக்கிறோம். ஆனால் இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. அதன் வேரைத் தேடிச் செல்வோமாயின், சான்பிரான்சிஸ்கோக் குடாவிலுள்ள ஒரு சிறு தீவிலே போய் நிற்போம்.

அமெரிக்காவின் கிழக்கையும் பசிபிக் கரையையும் இணைத்த புகையிரதப் பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தோரிற் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். 1869 மே மாதத்தில் அப்பாதை முற்றுப்பெற்றது. மலையைக் குடைந்த கைகளுக்கு வேலை குறைந்த காலத்தில், எல்லாத் துன்பங்களுக்கும் சீனரே காரணம் என்ற கூச்சல் எழுந்தது. அக்கூச்சலில் வெள்ளைத் தொழிலாளரின் சங்கங்களும் குரல் சேர்த்தன என்பதை நாம் மறைத்தலாகாது. நிறத்தின் முன்னே வர்க்க ஒற்றுமை தோற்றுப்போன இடங்களில் இதுவும் ஒன்று. 1882 இல் சீனர் விலக்குச் சட்டம் நிறைவேறியது. வணிகனும் மாணவனும் ஆசிரியனும் வரலாம், தொழிலாளி வரக்கூடாது.

தொழிலாளிக்குக் கதவு மூடப்பட்டதும், குடும்பம் என்ற சிறு வாயில் ஒன்றே எஞ்சியது. சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்த வொங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கில், அந்நாட்டு மண்ணிற் பிறந்தவர் அந்நாட்டுப் பிரசையே என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1898 இல் தீர்ப்பளித்தது. பிரசையின் பிள்ளை சீனாவிற் பிறந்தாலும் பிரசையே. வணிகரின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் உட்புகலாம் என்று 1900 இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. பின்னர், 1906 ஏப்ரலில் பூமியதிர்ச்சியும் அதைத் தொடர்ந்த தீயும் அந்நகரத்துப் பிறப்புப் பதிவேடுகளை அழித்துவிட்டன. நான் இங்கேதான் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால் மறுப்பதற்குப் பத்திரமில்லை. அவ்வாறு பிரசையானவர்களிற் பலர் ஊர் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் தமக்கொரு மகன் பிறந்ததாக அறிவித்தனர். பிறந்த மகனும் உண்டு. பிறவாத மகனும் உண்டு. பிறவாதவனின் இடம் உறவினன் பிள்ளைக்கோ அயலூரவனுக்கோ விலைக்குப் போயிற்று. இவர்களே ‘காகிதப் பிள்ளைகள்’ எனப்பட்டோர். இதை மோசடி என்று முகஞ்சுளிப்போர் உளர். உழைப்பை விற்க நேர்வழியில் வரும் உரிமையை ஓர் இனத்துக்கு மட்டும் மறுத்த சட்டத்தை அவர்கள் என்ன பெயரால் அழைப்பார்களோ நாம் அறியோம்.

இம்மகன்களைச் சல்லடையிட்டுப் பிரிப்பதற்கென 1910 ஜனவரியில் ஏஞ்சல் தீவிலே குடிவரவு நிலையம் திறக்கப்பட்டது. தேவதூதரின் பெயர் தாங்கிய அத்தீவு, வந்தவர்களுக்குச் சிறைச்சாலையாகவே இருந்தது. நியூயோர்க்கின் எலிஸ் தீவில் இறங்கிய ஐரோப்பியரிற் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியேறினர். இங்கே சீனர் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்துக் கிடந்தனர். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். வழக்கு முடியும்வரை உறவினரைப் பார்க்க அனுமதியில்லை.

விசாரணைச் சபையில் பரிசோதகர்களும் ஒரு சுருக்கெழுத்தாளரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தனர். உமது ஊர் எத்திசையை நோக்கியது? வீட்டு வாசலில் எத்தனை படிகள்? அரிசிப் பெட்டி எங்கே வைக்கப்பட்டிருந்தது? இரண்டாம் வரிசையில் மூன்றாம் வீட்டில் யார் குடியிருந்தார்? பாட்டனாரின் கல்லறை எங்குள்ளது? நூற்றுக்கணக்கில் இவ்வாறு தொடரும் கேள்விகள், சில வேளைகளில் இரண்டு மூன்று நாட்கள் நீடித்தன. இதே கேள்விகள் தகப்பனிடமும் சாட்சிகளிடமும் கேட்கப்பட்டன. விடைகள் முரண்பட்டால் கப்பல் திரும்ப ஏற்றிச்செல்லும். கோவைகளில் அவ்வுறவினர் எவ்வாறு குறிக்கப்பட்டனர் என்பது அவதானிக்கத்தக்கது: ‘தகப்பன் எனப்படுபவர்’, ‘மனைவி எனப்படுபவர்’. உறவு நிரூபிக்கப்படும்வரை தகப்பன் தகப்பனல்லன்.

இதில் நாம் சற்றுத் தரித்து நோக்கவேண்டிய விடயமொன்று உண்டு. காகிதப் பிள்ளை விடைப் புத்தகத்தைக் கப்பலிலே மனனஞ் செய்தான்; கரை தெரிந்ததும் அதைக் கடலில் எறிந்தான். அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் உண்மை மகனும் அவ்வாறே படிக்க நேர்ந்தது. பன்னிரண்டு வயதிற் பார்த்த வாசற்படியை யார் எண்ணி வைக்கிறார்கள்? பல ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்ட தகப்பன், மகன் வளர்ந்த வீட்டின் அரிசிப் பெட்டியை எங்ஙனம் அறிவான்? அதற்கும் மேலாக, தகப்பன் முன்னர் சொன்ன பொய் மகனையும் கட்டியது. இரண்டு பிள்ளைகளை உடையவர் நான்கு பிள்ளைகளை அறிவித்திருந்தால், மெய்ப்பிள்ளையும் இல்லாத சகோதரர் இருவரின் பெயரையும் வயதையும் ஒப்புவிக்கவேண்டும். நன்கு படித்த பொய்யன் தேறினான். படியாத மெய்யன் தவறினான். ஆசிரியத் தொழிலிலுள்ள நம் வாசகருக்கு இவ்வகைப் பரீட்சை முற்றிலும் புதிதாயிராது.

குவொக் ஷீ என்ற பெண்ணின் வழக்கு இதற்குச் சான்று. மூலிகை வணிகரொருவரின் மனைவியாக 1916 இல் வந்திறங்கிய அவரும் கணவரும் தனித்தனியே விசாரிக்கப்பட்டனர். சிறு விவரங்களில் விடைகள் வேறுபட்டன. அவர் மனைவியல்லர் எனத் தீர்மானிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அத்தீவிலே அடைபட்டுக் கிடந்தார். வழக்கறிஞருக்குக் காட்டாது மறைக்கப்பட்ட இரகசியத் தகவலும் கோவையில் இருந்தமையால் அவ்விசாரணை நியாயமற்றது என்று 1918 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிய பின்னரே அவர் கரையேறினார்.

இது தூரத்துக் கதையென வாசகர் தள்ளிவிட வேண்டாம். 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் நம் மலையகத் தொழிலாளர் விண்ணப்பித்தபோதும், தாம் இங்கு இடைவிடாது வதிந்ததை மாத்திரமன்றித் தம் மனைவியரும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே வாழ்ந்ததையும் நிரூபிக்கவேண்டியிருந்தது. பேறுகாலத்துக்குத் தாய் வீடு போன மனைவியின் பிரயாணமும் சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. தோட்டத்துப் பதிவேட்டில் எழுத்தர் பிழையாக எழுதிய பெயரொன்று போதும், லயத்திற் பிறந்தவனை அந்நியனாக்க. எட்டு இலட்சம் பேரளவில் அடங்கிய விண்ணப்பங்களில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1940 இல் தீவின் நிர்வாகக் கட்டிடம் எரிந்தது. அவ்வாண்டுடன் நிலையம் மூடப்பட்டது. யுத்தத்திற் சீனா நட்பு நாடானமையால் 1943 இல் விலக்குச் சட்டமும் நீக்கப்பட்டது. ஆண்டுக்கு 105 பேர் வரலாம் என்பதே அந்தப் பெருந்தன்மையின் அளவு. மக்கள் சீனம் தோன்றியபின் பழைய சந்தேகம் புதிய அங்கி தரித்தது. 1956 இல் ‘ஒப்புதல்’ திட்டமொன்று தொடங்கப்பட்டது. காகிதப் பிள்ளை தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டால் வதிவுரிமை கிட்டக்கூடும். ஆனால் தன் கதையுடன் தொடர்புடைய குடும்பத்தார் அனைவரையும் காட்டிக்கொடுக்கவேண்டும். பதின்மூவாயிரம் பேரளவில் ஒப்புதல் கொடுத்தனர். இடதுசாரிச் சீனரை அச்சுறுத்தவும் நாடு கடத்தவும் அதே கோவைகள் பயன்பட்டன.

1965 ஆம் ஆண்டுச் சட்டம் இன ஒதுக்கீட்டை ஒழித்துக் குடும்ப உறவை முதன்மையாக்கியது. உறவுக்கு முதலிடம் தந்தால் ஐரோப்பியரே தொடர்ந்து வருவர் என்று அதற்காக வாதாடிய சிலர் நம்பினர். வந்தவர்களோ பெரும்பாலும் ஆசியரும் இலத்தீன் அமெரிக்கருமே. வாயில் அகன்றதும் காவலனின் பழைய கேள்விகள் திரும்பின. கணவனையும் மனைவியையும் பிரித்து விசாரிக்கும் முறைக்கு எதிராக ஸ்ரோக்ஸ் என்ற பெயரில் நியூயோர்க்கிலே வழக்குத் தொடரப்பட்டது. வழக்கறிஞரை வைத்திருக்கவும், முரண்பாடுகளுக்கு விளக்கமளிக்கவும், உரையாடல் பதிவு செய்யப்படவும் 1976 ஆம் ஆண்டின் இணக்கத் தீர்ப்பு உரிமை வழங்கியது. விண்ணப்பகாரரைக் காக்க வந்த வழக்கின் பெயர், இன்று அவர்கள் அஞ்சும் விசாரணைக்கே பெயராயிருப்பது விந்தைதான்.

1986 ஆம் ஆண்டின் சட்டமோ மேலும் ஒரு படி சென்றது. மணமாகி இரண்டாண்டு நிரம்பாதவருக்கு நிபந்தனை வதிவுரிமை மட்டுமே. நிபந்தனையை நீக்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து மீண்டும் மனுச் செய்யவேண்டும். அடிக்கும் கணவனின் கையொப்பமே அவளது வதிவுரிமைக்குத் திறவுகோலாயிற்று. துன்புறுத்தப்பட்ட மனைவி தனித்து விண்ணப்பிக்கலாம் என்ற விதிவிலக்கு 1990 இலேயே வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் வாய்மூடி வாழ்ந்த பெண்களை எந்தக் கோவையும் கணக்கெடுக்கவில்லை.

ஏஞ்சல் தீவின் மரச் சுவர்களிலே அடைபட்டோர் கத்தியாற் செதுக்கிய சீனக் கவிதைகள் 1970 இல் வெளியுலகின் கவனத்துக்கு வந்தன. இடிக்கவிருந்த கட்டிடம் அவற்றால் தப்பியது. கலிபோர்ணியாவின் சீன மயானங்களிலோ வேறொரு சாசனம் உண்டு. சில கல்லறைகளில் ஆங்கில எழுத்தில் ஒரு குடும்பப் பெயரும், அதன் அருகே சீன எழுத்தில் இன்னொரு குடும்பப் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முன்னது உத்தியோகத்தருக்குச் சொன்ன பெயர். பின்னது தகப்பன் வைத்த பெயர்.